கைநாட்டுக்குச் சாட்சி உண்டு, கையெழுத்துக்கு யார் சாட்சி?

புதுக்கோட்டையில் புதுக்குளக் கரையில் காலை நடைக்குப் போகும் எங்கள் கூட்டத்தில் ஆறு பேர். எல்லோரும் பணி ஓய்வு பெற்றவர்கள். இரண்டு பேர் ஆசிரியர்கள், ஒருவர் மின்வாரியம், ஒருவர் கூட்டுறவு வங்கி, ஒருவர் வருவாய்த்துறை, நான் தபால்துறை. வருஷம் முழுக்க சர்க்கரை, மூட்டுவலி, பென்ஷன் பற்றிப் பேசுவோம். மே கடைசியிலிருந்து ஜூன் பாதி வரை மட்டும் பேச்சு மாறிவிடும். பேரன் பேத்திகளை எங்கே சேர்ப்பது? அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா?

இந்த விவாதத்தை நான் முப்பது வருஷமாகக் கேட்டுவிட்டேன். ஒருவர், "கவர்மெண்ட் ஸ்கூல் வாத்தியாரே தன் பிள்ளையை மெட்ரிக்ல சேர்க்கிறாரே" என்பார். உடனே நம் ஆசிரிய நண்பருக்கு முகம் சிவக்கும். இன்னொருவர் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் டாக்டருக்குப் படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வார். டீக்கடை வரும். பேச்சு முடியும். அடுத்த ஜூனில் மறுபடி தொடங்கும்.

போன வாரம் நான் கொஞ்சம் கோபப்பட்டுவிட்டேன். "நம்ம மாவட்டத்துல கல்விக்கு மூணு கதவு இருக்கு. நீங்க ரெண்டைப் பத்தியே பேசுறீங்க" என்றேன். மூன்றாவது என்னவென்று கேட்டார்கள். முதியோர் கல்வி என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "அதெல்லாம் தொண்ணூறுகளோட முடிஞ்சு போச்சுய்யா" என்றார் வருவாய்த்துறை. அவரிடம் அங்கே சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் மாவட்டம் சின்ன மாவட்டம். 1974 ஜனவரியில்தான் திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் பிரிந்து தனி மாவட்டமானது. பெரிய தொழிற்சாலைகள் நிறைந்த ஊர் அல்ல. மானாவாரி நிலம், கண்மாய், கல்குவாரி. ஆனால் படிப்பு என்று வந்தால் இந்த மண்ணுக்கு இரண்டு பெருமைகள் உண்டு. முதலாவது, 1886-ல் இங்கே பிறந்த முத்துலட்சுமி ரெட்டி. ஆண் பிள்ளைகள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று ஊரார் எதிர்த்தபோது, மன்னர் அனுமதி கொடுத்தார். அந்தப் பெண் 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்து டாக்டரானார்.

இரண்டாவது பெருமை 1991-92-ன் அறிவொளி இயக்கம். அப்போது ஷீலா ராணி சுங்கத் இங்கே கலெக்டராக இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் சாயங்காலம் சிலேட்டும் புத்தகமுமாக உட்கார்ந்தார்கள். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். குவாரியில் கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்தார்கள். அந்தச் சைக்கிள் கதையை பி. சாய்நாத் எழுதி நாடே படித்தது.

நான் அப்போது ஒரு சின்ன ஊர் தபால் ஆபீசில் இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ராத்திரி வகுப்பில் நானும் வாரம் இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தேன். மூன்று புத்தகங்கள். அ, ஆ என்று வரிசையாகத் தொடங்காமல் பழகிய சொற்களிலிருந்து எழுத்துக்குப் போகும் முறை. மொத்தம் 200 மணி நேரம் என்பது கணக்கு. கற்பவர் நிமிஷத்துக்கு 30 சொல் வாய்விட்டுப் படிக்க வேண்டும், சொல்வதைக் கேட்டு 5 சொல் எழுத வேண்டும், நூறு வரை எண் தெரிய வேண்டும். இவ்வளவு வந்துவிட்டால் எழுத்தறிவு பெற்றவர் என்று தேசிய எழுத்தறிவு இயக்கம் வைத்திருந்த அளவுகோல்.

அந்த வகுப்பில் ஒரு அக்கா இருந்தார். முப்பது வயது இருக்கும். கல் உடைக்கும் வேலை. தபால் ஆபீசில் மாதம் பத்து ரூபாய் ஆர்.டி. கட்டிக்கொண்டிருந்தார். பணம் எடுக்க வந்தால் மைப்பெட்டியை நகர்த்துவேன், இடது கட்டைவிரலை வைப்பார். கைநாட்டு என்றால் ஒரு சாட்சி வேண்டும். ஆபீசுக்குத் தெரிந்த ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று, தொகையைச் சொல்லி, கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிக்கு ஆள் கிடைக்காத நாளில் அந்த அக்கா வாசலில் ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்திருக்கிறார்.

1992-ல் ஒருநாள் வந்தார். நான் வழக்கம்போல மைப்பெட்டியை நகர்த்தினேன். அவர் அதை என் பக்கமே தள்ளிவிட்டு, "பேனாவைக் குடுங்க சார்" என்றார். நாலு எழுத்து. எழுதி முடிக்க ஒரு நிமிஷம் ஆனது. வரிசையில் நின்ற யாரும் முணுமுணுக்கவில்லை. என் முப்பத்தைந்து வருஷ சர்வீசில் அதைப் போல ஒரு நாள் இல்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன்.

வகுப்பு நின்றது. மாவட்டம் எழுத்தறிவு பெற்றுவிட்டது என்று விழா நடந்தது. தொண்டர்கள் வீட்டுக்குப் போனோம். நானும் மாற்றலாகிப் போனேன். பல ஊர் சுற்றி, ஓய்வு பெற நாலைந்து வருஷம் இருக்கும்போது மறுபடி அந்தப் பக்கத்து ஆபீசுக்கே வந்தேன். ஒருநாள் அந்த அக்கா வந்தார். தலை நரைத்திருந்தது. கையில் ஒரு தாள்.

"சார், இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பாருங்க."

மகள் திருப்பூரில் வேலை. பேரனை இவர்தான் வளர்க்கிறார். பையனை ஒரு தனியார் பள்ளியில் போட்டிருக்கிறார். இரண்டாம் வகுப்பு. வேன், டை, ஷூ எல்லாம் உண்டு. வருஷ நடுவில் பணம் கட்ட முடியவில்லை. கிராமத்து அரசுப் பள்ளிக்கே மாற்றிவிடலாம் என்று டி.சி. கேட்டிருக்கிறார். பள்ளி ஆபீசில் இந்தத் தாளைக் காட்டியிருக்கிறார்கள். முழுக்க ஆங்கிலம். நடுவில் நின்றாலும் முழு வருஷக் கட்டணமும் வேன் கட்டணமும் செலுத்துவேன், பாக்கி தீரும்வரை சான்றிதழ் கேட்க மாட்டேன் என்று ஒப்புதல். கீழே அவர் கையெழுத்து. அதே நாலு எழுத்து. நான் சொல்லிக்கொடுத்த எழுத்து.

படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "கைநாட்டா இருந்திருந்தா ஒரு சாட்சியக் கூப்புட்டுப் படிச்சுக் காட்டிருப்பாங்கள்ல சார்? கையெழுத்துப் போடத் தெரியும்னதும் யாரும் ஒண்ணும் சொல்லல. போடுங்கன்னாங்க, போட்டேன்."

எனக்குப் பதில் வரவில்லை. கைநாட்டுக்காவது ஒரு பாதுகாப்பு இருந்தது. அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக நாங்கள் கொடுத்தது ஒரு பெயரை வரையும் பயிற்சி மட்டுமே. பெயர் எழுதத் தெரிந்தவருக்கு எல்லாம் தெரியும் என்று உலகம் எடுத்துக்கொள்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "கையெழுத்துப் போட்டுட்டீங்க, கட்டித்தான் ஆகணும் அக்கா" என்று சொன்னவன் நான்தான். காதுத் தோட்டை அடகு வைத்துக் கட்டினார். அப்போதே கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து (2010 ஏப்ரல் 1) சில வருஷங்கள் ஆகிவிட்டன. அரசுப் பள்ளிக்கு மாறும் பிள்ளைக்கு எட்டாம் வகுப்புவரை டி.சி.யை உடனே கொடுக்க வேண்டும், டி.சி. வரத் தாமதமானாலும் அதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு சொல்கிறது. பையனை மறுநாளே கிராமத்துப் பள்ளியில் உட்கார வைத்திருக்கலாம். எனக்கு அது தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு வேறு எதையோ தேடும்போது படித்தேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது நடைக்கூட்ட நண்பர்களின் விவாதத்துக்கு வருகிறேன்.

அரசா, தனியாரா என்று 'தேர்வு செய்கிறோம்' என்கிறார்கள். யார் தேர்வு செய்கிறார்கள்? நான் தேர்வு செய்தேன். என் இரண்டு பிள்ளைகளையும் மெட்ரிக் பள்ளியில்தான் போட்டேன். கட்டண ரசீதைப் படித்தேன், ரேங்க் கார்டைப் படித்தேன், பிடிக்காதபோது போய்ச் சண்டை போட்டேன், ஒருமுறை பள்ளியையே மாற்றினேன். எனக்கு அது தேர்வு. அந்த அக்காவுக்கு அது தேர்வா? வேன் வாசலுக்கு வருகிறது, பையன் டை கட்டியிருக்கிறான், "குட் மார்னிங்" சொல்கிறான். அவரால் பார்க்க முடிந்த சான்று அவ்வளவுதான். நோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. அதனால் அவரை ஏமாளி என்று சொல்லாதீர்கள். கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் அவர் முடிவு எடுத்தார். படிக்கத் தெரிந்த நாமும் பல நேரம் கட்டடத்தையும் வேனையும் பார்த்துத்தானே முடிவு எடுத்தோம்?

அரசுப் பள்ளிக்கும் இதே கதைதான். சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு உண்டு. உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் பணம், வாத்தியார் வருகை, கட்டடம், சாப்பாடு எல்லாவற்றையும் அவர்கள் பார்க்கலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் தீர்மானப் புத்தகத்தைப் படிக்கத் தெரியாத அம்மா அந்தக் குழுவில் என்ன செய்வார்? காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். எங்கள் அக்கா போட்ட மாதிரி.

தனியார் பள்ளியில் 25 விழுக்காடு இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. விண்ணப்பம் ஆன்லைனில். வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, கடைசி தேதி. படிக்கத் தெரியாதவர் பிரவுசிங் சென்டருக்குப் போய்க் காசு கொடுத்துப் போட வேண்டும். அதுவும் யாராவது சொன்னால்தான். ஏழைக்கு என்று ஒதுக்கிய இடத்துக்குக்கூட எழுத்துத் தெரிந்த ஏழைதான் முதலில் போய்ச் சேருகிறார்.

ஆக, முதல் இரண்டு கதவுக்கும் சாவி மூன்றாவது கதவுக்குள் இருக்கிறது. அந்த மூன்றாவது கதவைத்தான் நாம் விழா எடுத்து மூடினோம்.

"அந்தத் தலைமுறை போய்ச் சேர்ந்துடும், இப்ப எல்லாப் பிள்ளைகளும் ஸ்கூல்லதானே இருக்கு" என்கிறார் மின்வாரிய நண்பர். அய்யா, 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் பெண்களின் எழுத்தறிவு 73.44 விழுக்காடு. நாலில் ஒரு பெண்ணுக்கு மேல் படிக்கத் தெரியாது. அவர்கள் எங்கும் போய்ச் சேரவில்லை. திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளின் குழந்தைகளை இங்கே கிராமத்தில் வளர்ப்பவர்களில் அவர்கள் நிறையப் பேர். இன்றைய ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் 'பெற்றோர்' அவர்கள்தான். அந்த எண்ணிக்கையில் 'தெரியும்' என்று சேர்க்கப்பட்டவர்களில் எங்கள் அக்காவும் இருப்பார் என்பதையும் மறக்க வேண்டாம்.

"இப்பத்தான் போனே படிச்சுக் காட்டுதே" என்பது இன்னொரு வாதம். போன் படித்துக் காட்டும். அந்த ஒப்புதல் தாளை மேசைமேல் வைத்து "இங்க போடுங்க" என்று அவசரப்படுத்தும்போது, "இருங்க, படிச்சுட்டுப் போடுறேன்" என்று சொல்லும் தைரியத்தைப் போன் தராது. அது படித்தவரிடம்தான் இருக்கும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். பெயர்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன: வளர்கல்வி, கற்கும் பாரதம், கற்போம் எழுதுவோம், இப்போது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். இந்தக் கடைசித் திட்டத்துக்கு 2022 முதல் 2027 வரை நாடு முழுக்க ஒதுக்கிய தொகை 1,037.90 கோடி ரூபாய், மத்திய மாநிலப் பங்கு இரண்டும் சேர்த்து. இலக்கு 5 கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள். ஒரு ஆளுக்கு 208 ரூபாய்கூட வரவில்லை. பேரனுக்கு ஒரு ஜோடி ஸ்கூல் ஷூ வாங்க முடியாது இந்தக் காசில். சொல்லிக்கொடுப்பவர் தன்னார்வலர், அவருக்குச் சம்பளம் கிடையாது. பிள்ளைகளுக்கான இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாயாவது கொடுத்தார்கள். பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவருக்கு அதுவும் இல்லை.

தன்னார்வத்தை நான் குறை சொல்லவில்லை. நானே அப்படி உட்கார்ந்தவன்தான். ஆனால் தன்னார்வம் ஒரு வருஷம் தாங்கும், இரண்டு வருஷம் தாங்கும். பிறகு மாற்றல் வரும், கல்யாணம் வரும், உடம்பு முடியாமல் போகும். பள்ளிக்கூடத்தைத் தன்னார்வத்தில் நடத்துவோமா? ஆஸ்பத்திரியை? பெரியவர் படிப்பு மட்டும் ஏன் யாருடைய நல்ல மனசையாவது நம்பி நிற்க வேண்டும்?

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த நாலு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, கட்டடம் தேட வேண்டாம். ஒவ்வொரு ஊரிலும் அரசுப் பள்ளி இருக்கிறது. பிள்ளைகள் குறைந்துபோய் அறைகள் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. வாரம் மூன்று சாயங்காலம் திறந்து விளக்கைப் போடுங்கள். சம்பளத்துக்கு ஒரு ஆளை வையுங்கள். பாட்டி படிக்கும் பள்ளியில் பேரனைச் சேர்க்க யாரும் கூச்சப்பட மாட்டார்கள்.

இரண்டு, பாடப்புத்தகத்தோடு நிறுத்தாதீர்கள். அவரவர் வீட்டுக்கு வரும் தாளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கட்டண ரசீது, ரேங்க் கார்டு, நகைக்கடன் சீட்டு, நூறு நாள் வேலை அட்டை, பாங்கு குறுஞ்செய்தி. எங்கே கையெழுத்துப் போடக் கூடாது என்பதும் எழுத்தறிவில் சேர்ந்ததுதான்.

மூன்று, நாலு எழுத்தோடு முடிக்காமல் மேலே போக வழி காட்டுங்கள். எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக நேரடியாக எழுதலாம், அதன்பின் பத்தாம் வகுப்பு எழுதலாம். பிறகு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வரைக்கும் பாதை இருக்கிறது. பாதை இருப்பது ஊரில் யாருக்கும் தெரியாது. பாதியில் நின்ற இளம் தாய்மார்களுக்கு இது முக்கியம்.

நான்கு, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும் எந்தப் பள்ளியும், அரசோ தனியாரோ, அந்தத் தாளைத் தமிழில் கொடுக்க வேண்டும், கேட்டால் சாட்சி முன்னால் படித்துக் காட்ட வேண்டும். தபால் ஆபீசில் பத்து ரூபாய் எடுக்க வந்த பெண்ணுக்கு நாங்கள் கொடுத்த மரியாதை அது.

நேற்று அந்த அக்காவின் ஊர்ப்பக்கம் போனேன். பேரன் இப்போது ஐ.டி.ஐ.யில் படிக்கிறானாம். தோட்டை மீட்டாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தது. "ராத்திரி கிளாசு மறுபடி போடுவாங்களா சார்?" என்று அவராகவே கேட்டார். "போட்டா நான் வருவேன். பாதியிலதானே விட்டீங்க."

பாதியில்தான் விட்டோம். நாளைக் காலை புதுக்குளக் கரையில் அந்த ஐந்து பேரிடமும் இதைச் சொல்லப்போகிறேன். ஆளுக்கு மனு ஒன்று எழுதி முதன்மைக் கல்வி அலுவலரிடம் கொடுப்போம். அதற்குப் பதில் வரும்வரை வாரம் இரண்டு சாயங்காலம் நாங்களே உட்காருவோம். சம்பளத்துக்கு ஆள் வரட்டும், எழுந்து இடம் கொடுக்கிறோம்.

உங்கள் ஊரிலும் பூட்டிக் கிடக்கும் வகுப்பறை ஒன்று இருக்கும். சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்களேன்.